ஓட்டுநர் சாலமோனின் ஐந்து வேளை மாத்திரை

சின்ன காஞ்சிபுரத்தில் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது, மறு கன்னத்தில் நுரை. சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தால் ரோஸி அண்ணி. "தம்பி, அண்ணன் போயிட்டாரு" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். "இன்னாண்ணா, பாதியில போற?" என்று கடைக்காரர் கேட்டது பின்னால் கேட்டது. அந்தப் பாதி முகத்தோடுதான் சாலமோன் அண்ணனைக் கடைசியாகப் பார்க்கப் போனேன். வாசலில் கூடியிருந்த நம் பணிமனை நண்பர்கள் கவனித்திருப்பீர்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு நன்றி.

உங்களில் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அவரைப் பேருந்து நிலையத்து டைம் கீப்பர் அறையில் உட்கார்ந்திருந்தவராகத்தான் தெரியும். எனக்கு அவர் டிரைவர். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகத் தென்னேரி போகும் வண்டியைப் பதினோரு வருடம் அவர் ஓட்டினார், நான் டிக்கெட் கொடுத்தேன். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் லைசென்ஸ் வாங்கிய முதல் ஆள் இவர். காலையில் வண்டியை எடுக்கும் முன் முன்கண்ணாடியைத் தன் கையாலேயே துடைப்பார், வேறு யார் துடைத்திருந்தாலும் இன்னொரு முறை துடைப்பார்.

ஒரு மழைக்காலத்தில் சாலையை மறித்து வெள்ளம் ஓடியது. லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போய் அக்கரை ஏறிவிட்டது. அதைப் பார்த்ததும் பயணிகள் எல்லாரும் "எடுப்பா, எடுப்பா" என்று கத்த ஆரம்பித்தார்கள். ஒரு மணி நேரம் அவர் அசையவில்லை. திட்டு வாங்கி வாங்கி எனக்குத்தான் பொறுக்கவில்லை. "எடுத்துடுண்ணா" என்றேன். "அம்பது பேரு சேந்து கத்தனாலும் ஸ்டியரிங்கு ஒருத்தன் கையிலதான் இருக்குது ஏகா" என்றார். என் பெயர் ஏகாம்பரம். முழுப் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை.

அவருடைய வலது கையை முதலில் கவனித்தது வாலாஜாபாத் டீக்கடையில். மடியில் கிடந்த கையின் கட்டைவிரல், சுட்டுவிரலை உரசிக்கொண்டே இருந்தது. பீடி சுருட்டுகிறவர் கை போல. "இன்னாண்ணா, புதுத் தொழிலா?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஸ்டியரிங்கப் புடிச்சா நின்னுடுது. சும்மா வெச்சாத்தான் ஆட்டம் போடுது" என்றார். யோசித்துப் பார்த்தால், சில மாதங்களாகவே அவர் முகத்தில் சிரிப்பு குறைந்திருந்தது. "டிரைவரண்ணனுக்கு எங்க மேல இன்னா கோவம்?" என்று தினமும் வரும் பெண்கள் கேட்பார்கள். நடக்கும்போது இடது கை வீசும், வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு வரும். எல்லாம் கண்ணில் பட்டதுதான். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ரோஸி அண்ணிதான் விடாமல் நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனார். மறுநாள் காலை வண்டியில் ஏறும் முன் அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "இன்னமோ பார்க்கின்சனாம்பா. மூளையில ஒரு சத்து கொறஞ்சிபோச்சாம். அதக் குடுக்கறதுக்கு மாத்திரயாம். தீராதாம், அடங்கி இருக்குமாம்."

மூன்று வேளை மாத்திரை. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. முதல் வாரம் குமட்டல்தான் மிச்சம். இரண்டாவது வாரம் "ஒண்ணும் தெரியல" என்றார். மூன்றாவது வாரம் ஒருநாள் ரோஸி அண்ணி தூக்குப் பாத்திரத்தில் கேசரியோடு பேருந்து நிலையத்துக்கே வந்துவிட்டார். "இன்னா அண்ணி, விசேஷமா?" என்றேன். "அவரே சட்டைக்குப் பட்டன் போட்டுக்கினாரு தம்பி. அஞ்சு பட்டனும்" என்றார். அண்ணன் டிரைவர் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. ஒரு சின்ன மாத்திரைக்குள் ஒரு மனுஷனுடைய முகம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இனி எழுதப்போவது எனக்குச் சுலபமில்லை.

டாக்டர் மாத்திரை எழுதியதோடு விடவில்லை. "பஸ் ஓட்றீங்க, டிப்போவில சொல்லிடுங்க" என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். அதை அண்ணன் என்னிடம் மட்டும் சொன்னார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. "சொல்லாதண்ணா" என்றேன். "மாத்திரதான் வேல செய்யுதே. சொன்னா வீட்ல உக்கார வெச்சிடுவாங்க." பொங்கல் வரைக்கும் பார்க்கலாம் என்றார் அண்ணன். அவரைக் காப்பாற்றுவதாகத்தான் நான் நினைத்துக்கொண்டேன். வண்டியில் ஏறி இறங்கிய அத்தனை பேரையும் நான் நினைக்கவே இல்லை.

பொங்கல் முடிந்து ஒரு பகல். வாலாஜாபாத்தில் ரயில்வே கேட் போட்டு வண்டி தாமதமாகிவிட்டது. நல்ல பசி. மாத்திரையை மறந்துவிட்டு முதலில் சாப்பாட்டுக் கூடையைத் திறந்தார். மீன் குழம்பு. பாதி சாப்பிட்ட பிறகுதான் ஞாபகம் வந்து மாத்திரையை விழுங்கினார். மீன், முட்டை, பருப்பு வயிற்றில் இருக்கும்போது போட்டால் அந்த மாத்திரை சரியாக ஏறாது என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.

தென்னேரி ஏரிக்கரையை ஒட்டிய திருப்பம். தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் சாலையைக் கடந்தார். தூரத்திலேயே தெரிந்தார். பிரேக் அடிக்க நேரம் தாராளமாக இருந்தது. ஆனால் வண்டி வேகம் குறையவே இல்லை. நான் "அண்ணா!" என்று கத்திய பிறகுதான் பிரேக் விழுந்தது. எல்லாரும் முன்னால் சரிந்தார்கள். அந்தப் பெண்ணுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். அவர் புல்லுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு, "கண்ண எங்க வெச்சுக்கினு ஓட்டற?" என்று கேட்டார், திட்டினார், மறுபடி கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணன் இன்ஜினை நிறுத்தினார். கீழே இறங்கி ஏரியைப் பார்த்து நின்றார். நான் ஓடினேன்.

"கால் வரல ஏகா. நான் சொல்லிட்டேன், காலுக்குக் கேக்கல. கேட்டுச்சு, லேட்டாக் கேட்டுச்சு."

"யாருக்கும் ஒண்ணும் ஆவல இல்ல? கொஞ்ச நேரம் உக்காருண்ணா, மாத்திர ஏறட்டும், அப்பால போலாம்."

"ஒண்ணும் ஆவல. அதனாலதான் இன்னிக்கே சொல்லணும். ஆயிட்ட அப்பால சொல்றதுக்கு இன்னா இருக்குது?"

சாவியை என் கையில் வைத்தார். முன்படியில் ஏறி நின்று, பயணிகளைப் பார்த்துப் பேசினார். மைக் இல்லை, சத்தமும் இல்லை. "எனக்கு ஒரு வியாதி இருக்குது. மருந்து சாப்பிடறேன். ஆனாலும் இந்த வண்டிய நான் ஓட்டக் கூடாது. வேற டிரைவர் வருவாரு. மன்னிச்சுக்கோங்க." இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். எங்கள் வண்டியில் வழக்கமாக வரும் சமணக் குடும்பத்து விவசாயி ஒருவர் மட்டும் இறங்கி வந்து அண்ணனிடம் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். "குடிங்க. நாங்க மெதுவா போய்க்கறோம்" என்றார்.

அன்று மாலை மேலாளர் அறைக்குள் அண்ணன் தனியாகப் போனார். நான் வெளியே நின்றேன். எவ்வளவு நாளாக இப்படி, யாருக்கெல்லாம் தெரியும் என்று உள்ளே கேட்டிருக்கிறார்கள். "கண்டக்டருக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்று சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான். இத்தனை வருடமாக அந்தப் பொய்யின் நிழலில்தான் நான் இருந்தேன். இன்று உங்கள் முன்னால் சொல்லிவிடுகிறேன்: கண்டக்டருக்குத் தெரியும். சொல்லாதே என்று சொன்னவனே நான்தான்.

ஒருமுறை இதைப் பற்றி அவரிடமே பேச்செடுத்தேன். "நீ சொன்ன, நான் கேட்டேன். உன் வாயா பிரேக் அடிக்குது? என் காலுதான் அடிக்கணும்" என்று முடித்துவிட்டார்.

சில மாத விடுப்பு, மருத்துவக் குழு முன் சோதனை எல்லாம் முடிந்து டைம் கீப்பர் வேலை கொடுத்தார்கள். அதற்குள் மாத்திரை மூன்று வேளையிலிருந்து ஐந்து வேளையாகியிருந்தது. ஆறு, ஒன்பதரை, ஒன்று, நாலரை, எட்டு. ஒவ்வொன்றும் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பாக. மீன் குழம்பை ரோஸி அண்ணி இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றிவிட்டார். மாத்திரை ஏறினால் அண்ணன் எழுந்து நடப்பார், பேசுவார், யாரையாவது கிண்டல் செய்வார். இறங்க ஆரம்பித்தால் நாற்காலியோடு ஒட்டிக்கொள்வார். வருடங்கள் போகப்போக ஏறியிருக்கும் நேரத்தில் உடம்பு தானாக நெளிந்து ஆடவும் ஆரம்பித்தது. அதுவும் மருந்தின் வேலைதான் என்று டாக்டர் சொன்னார்.

அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் ஒரு பயணி சத்தம் போட்டார். நானும் அப்போது அறைக்குள் இருந்தேன். "காலையிலயே ஏத்திக்கினு வந்து உக்காந்துக்கினியா? கவர்மென்ட் சம்பளம் உனுக்கு!" நான் எழுந்தேன். அண்ணன் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். "ஆமா சார். ஆறு மணிக்கு ஒண்ணு ஏத்தினேன், ஒம்போதரைக்கு ஒண்ணு. தோ, டாக்டர் எழுதிக் குடுத்த சரக்கு" என்று மாத்திரை அட்டையை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

அந்த ஆள் அட்டையைப் பார்த்தார். அப்புறம் போகவே இல்லை. பக்கத்து ஓரிக்கை ஊர்க்காரராம். "எங்க நைனாவுக்கும் கை ஆடுது சார். சோறு எடுத்தா வாய்க்குப் போறதுக்குள்ள சிந்திடுது. இதுல ஒரு அட்ட குடுங்க சார், போட்டுப் பாக்கறோம்" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அண்ணன் அட்டையை வாங்கிப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். "கை ஆடறதெல்லாம் என் வியாதியாவே இருக்கணும்னு இல்லப்பா. எனுக்கு சும்மா இருந்தா ஆடுது, உங்க நைனாவுக்கு சோறு எடுத்தா ஆடுது. பாக்க வேண்டியவங்க பாக்கணும்" என்றவர், அடுத்த வார விடுமுறையில் அந்தப் பெரியவரை டாக்டரிடம் தானே கூட்டிப் போனார். அவருக்கு இருந்தது வேறு நடுக்கம், மருந்தும் வேறு. ஜன்னலில் கத்திய அந்த மனிதர் அடக்கத்தன்று வந்து கடைசி வரிசையில் நின்றார்.

ஓய்வு பெற்ற பிறகு குடலிறக்கத்துக்காக ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறுவை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மதியம் நான் போனபோது கட்டிலில் மரக்கட்டையாகக் கிடந்தார். கண் மட்டும் என்னைப் பார்க்கிறது. வாய் ஓரம் எச்சில். விழுங்க முடியவில்லை. அண்ணி அழுதுகொண்டிருந்தார். கொண்டுபோன மாத்திரைகளை வார்டில் வாங்கி வைத்துவிட்டார்களாம். வார்டு வழக்கப்படி காலை ஒன்று, இரவு ஒன்று. "ஒம்போதரைக்குக் கேட்டேன் தம்பி. எல்லாருக்கும் குடுக்கறப்போ குடுப்பாங்களாம். மாத்திர ஓடிடாதாம்."

என் குரல் பேருந்தில் கத்திக் கத்தி ஏறிய குரல். அந்த வார்டில் அதைப் பயன்படுத்தினேன். காவலாளி வந்தார். அதற்குள் பணி மாறி வந்த ஒரு நர்ஸ், "இன்னா வியாதி அவருக்கு?" என்று பொறுமையாகக் கேட்டார். அண்ணி நரம்பு டாக்டரின் சீட்டைக் காட்டினார். அந்த அம்மா அதை இரண்டு முறை படித்தார், கட்டிலருகே போய் அண்ணனின் கையைத் தூக்கிப் பார்த்தார், உடனே டாக்டருக்குப் போன் செய்தார். விழுங்கச் சிரமம் என்பதால் மூக்கில் குழாய் விட்டு, மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். முக்கால் மணி நேரம் நாங்கள் மூன்று பேரும் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் சுண்டுவிரல் அசைந்தது. பிறகு உதடு. "ஏகா" என்றார், "வார்டு பூரா உன் சத்தம்தான். சில்லறை தரலயா யாரும்?" அந்த நர்ஸ் சிரித்துவிட்டார். கட்டிலின் தலைமாட்டில் ஐந்து நேரத்தையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார். வீடு திரும்பும் வரை ஒரு வேளையும் தவறவில்லை.

கடைசி இரண்டு வருடங்கள் கடினமானவை. மாத்திரையின் நேரம் சுருங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் அளவைக் கூட்டினார், கூடவே வேறொரு மருந்தும் சேர்த்தார். கால் நன்றாகவே வந்தது. ஆனால் ஒருநாள் நான் பேசிக்கொண்டிருக்கையில் அண்ணன் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "ஏகா, கதவாண்ட செவப்பு சட்ட போட்டுக்கினு ஒருத்தர் உக்காந்துக்கினு இருக்காரா?" என்று கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. "இல்லண்ணா."

"நல்லாப் பாத்து சொல்லு. டிக்கெட் குடுத்தவன் நீதான். ஆள் இருக்குதா, இல்லையான்னு உனக்குத்தான் தெரியும்."

"யாரும் இல்லண்ணா."

"சரி. நீ சொன்னா சரி" என்று பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பத்து நாள் கழித்து, காபி கொண்டு வந்த ரோஸி அண்ணியைப் பார்த்து "யாரும்மா நீ?" என்று கேட்டிருக்கிறார். அரை நிமிஷம்தான் இருக்கும். அதற்குப் பிறகு அவரே டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னார். நானும் போனேன். மருந்தைக் குறைத்தால் தோற்றங்கள் போகும், நடையும் குறையும், இரண்டையும் யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அண்ணி, "நடக்கட்டும் டாக்டர், நான் யாருன்னு தெரியலனாலும் பரவால்ல" என்றார். அண்ணன் தலையை ஆட்டினார். "அவ சொல்றத எழுதாதீங்க சார். காலு போனா அவ தூக்குவா. அவளையே தெரியலனா, யார் தூக்கறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" டாக்டர் பேனாவைத் திறந்தார். புதிதாகச் சேர்த்ததை முதலில் நிறுத்தினார், மற்றதைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். சிவப்புச் சட்டைக்காரர் வரவில்லை. சக்கர நாற்காலி வந்தது. கடைசி நாள் வரை அண்ணியை அவருக்குத் தெரிந்தது.

போன மாதம் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. மருந்துகளால் அதற்கு மேல் இழுத்துப் பிடிக்க முடியவில்லை. ஒரு விடியற்காலை, ஆறு மணி மாத்திரையை அண்ணி தண்ணீரில் கரைத்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

அதற்கு ஒரு வாரம் முன்பு நான் பார்க்கப் போயிருந்தேன். அவர் குரல் அப்போது மூச்சுக்காற்று அளவுக்கு ஆகிவிட்டது. பேச முடியாதவர் எதிரில் எவ்வளவு நேரம்தான் நானே பேசுவது? சீக்கிரமே எழுந்தேன். அவர் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன், புரியவில்லை. மறுபடி அசைந்தது, மறுபடியும் புரியவில்லை. அண்ணி ஒரு காலண்டர் தாளைக் கிழித்துப் பேனாவோடு அவர் கையில் வைத்தார். எழுதி முடிக்கப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். தொடங்கும்போது மிளகு அளவு இருந்த எழுத்து, முடியும்போது கடுகை விடச் சிறியதாகிவிட்டது. அண்ணிக்கு அந்தப் பொடி எழுத்தைப் படிக்க வரவில்லை. நான் ஜன்னல் பக்கம் போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"டீ குடிச்சிட்டுப் போ."

உட்கார்ந்தேன். அண்ணி டீ போட்டுக் கொண்டு வந்தார். நான் குடித்து முடிக்கும் வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் காலண்டர் தாள் ஒன்றுதான். யாராவது கேட்டால் காட்டுகிறேன். படிக்கக் கண்ணாடி கொண்டு வாருங்கள்.